சத்தம் போடாத ஊர்

டிசம்பர் 16

மார்கழி முதல் நாள். பிற ஊர்களில் விடியுமுன்பே ஒலிபெருக்கிகள் பக்தியைக் காதில் ஊற்றத் தொடங்கியிருக்கும். நாரேந்தலில் அத்தொல்லை இல்லை. கண்மாயின் நடுவே உள்ள கருவேல மரங்களில் கொக்குகள் கூடு கட்டியிருக்கும் மாதங்களில் இவ்வூரார் ஒலிபெருக்கி வைப்பதில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருமண மேளத்தைப் பக்கத்து ஊரிலேயே முடித்துக்கொண்டு, மணமக்களைத் திருடர்களைப் போல அரவமின்றி அழைத்துவருகிறார்கள். இழவு வீட்டிலும் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டுதான் அழுவார்களாம். கொக்கு அஞ்சி எழுந்து போனால் மழையும் உடன் போய்விடும் என்பது நம்பிக்கை. விலங்கியல் கற்பித்தே தலை நரைத்த எனக்கு மழையைப் பற்றி வேறு கருத்து உண்டு. ஆயினும் அமைதி எனக்குப் பிடிக்கும்.

கரையை ஒட்டி ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. மொட்டைமாடியில் தொலைநோக்கியை நிறுத்தினால் கூடுகள் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகின்றன. அடுப்படிச் சுவர் பக்கத்து வீட்டுக்கும் பொது. அவ்வீட்டுக்காரர் சேதுராசு, ஊரார் நியமித்த கண்மாய்க் காவலர். என் பெட்டிகளைச் சுமந்து வந்தவரும் அவரே.

வந்த காரணத்தையும் எழுதிவைக்கிறேன். ஓர் ஆன்மிக மாத இதழின் ஆசிரியர் சோலைநாதன், இயற்கை நமக்குக் கற்பிக்கும் ஞானம் குறித்து ஒரு தொடர் கேட்டிருக்கிறார். இயற்கை யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

“அதையே கொஞ்சம் அழகா எழுதிக் குடுத்துடுங்கம்மா. கொக்குன்னாலே தவம்தானே, ஒத்தக்கால்ல நிக்குது.”

ஒற்றைக்காலில் நிற்பது உடற்சூடு வீணாகாமல் இருப்பதற்காக. இதைச் சொன்னால் தொடர் முதல் இதழிலேயே முடிந்துவிடும்.

டிசம்பர் 18

கவனிப்பதற்கு ஒரு கூட்டைத் தேர்ந்துகொண்டேன். பெரிய வெள்ளைக் கொக்கு. மூன்று குஞ்சுகள். வெவ்வேறு நாள்களில் பொரித்தவை ஆகையால் மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் உருவத்தில் பெரும் வேறுபாடு.

மாலையில் சேதுராசு தம் கொல்லைக்கு அழைத்தார். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைக் கூடையில் வைத்து வளர்க்கிறார். அவற்றின் தீனிக்கென ஒரு சிமெண்டுத் தொட்டி நிறையச் சிறு மீன்கள். ஒரு மீனைக் கிள்ளி, குஞ்சின் அலகை இரு விரல்களால் திறந்து, தொண்டைக்குள் வைத்தார்.

“இவன் ரெண்டு நாளா எரை எடுக்கலம்மா. இன்னிக்குத்தேன் மனசு வந்து வாயத் தொறந்திருக்கான்” என்றார். கண்கள் கலங்கியிருந்தன.

இவ்வளவு மென்மையான கைகளை நான் மருத்துவமனைகளிலும் கண்டதில்லை.

டிசம்பர் 21

இன்று தொடங்கிவிட்டது. தாய் ஒரு கெண்டையைக் கக்கியது. மூத்த குஞ்சு அதை விழுங்கிவிட்டு, திரும்பி, கடைக்குட்டியின் தலையைக் கொத்தத் தொடங்கியது. பசியால் அன்று, வயிறு நிறைந்த பிறகுதான். சலிப்பின்றி, ஒரே இடத்தில், உச்சந்தலையில். கடைக்குட்டி கூட்டின் ஓரம்வரை நகர்ந்தது. மேலும் நகர இடமில்லை. மெல்லிய தூவி பிய்ந்து, தோல் சிவந்து, பிறகு கிழிந்தது. நடுக்குஞ்சு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

தாய் கூட்டின் விளிம்பிலேயே நின்றது. ஓர் அலகு நீட்டினால் தடுத்திருக்கலாம். அது தன் மார்பு இறகைக் கோதிக்கொண்டது. இரை போதாத ஆண்டில் கடைசிக் குஞ்சு, மூத்தவை இறந்தால் ஈடுகட்ட வைத்திருக்கும் காப்புச் சரக்கு மட்டுமே என்று வகுப்பில் சொல்வேன். மாணவிகள் முகம் சுளிப்பார்கள். தேர்வில் சரியாக எழுதுவார்கள்.

பிற்பகலில் ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பால் துணி துவைக்கும் ஓசை. ஈரத் துணியைக் கல்லில் அறைவது போன்ற, சீரான ஓசை. நெடுநேரம் கேட்டது. பேச்சுக்குரல் ஏதும் இல்லை.

அவர்கள் கொல்லையில் துவைகல் கிடையாது என்பதை மாடிக்குப் போனபோது கவனித்தேன்.

டிசம்பர் 22

மழை. முழங்கால் வலி. எழுதத் தக்கது ஒன்றும் இல்லை.

டிசம்பர் 24

சேதுராசுவின் மனைவி அழகுமீனாள் மீன்குழம்பு கொண்டுவந்தாள். முப்பது வயது இருக்கலாம். இடத்தாடை வீங்கி, கண்ணின் கீழ் கத்தரிப்பூ நிறம்.

“பாசியில வழுக்கிட்டேம்மா” என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

பாசியில் வழுக்குபவர்களுக்கு அடி எங்கே படும் என்பது எனக்குத் தெரியும். என் இடக்கை மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. திருமணமான இரண்டாம் ஆண்டில் மாடிப்படியில் விழுந்ததாக மருத்துவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். மருத்துவர்கள் எளிதில் நம்புகிறவர்கள்.

தொலைநோக்கியில் பார்க்க வேண்டும் என்றாள். மாடிக்கு அழைத்துச் சென்று என் கூட்டைக் காட்டினேன். மூத்தது வேலையில் இருந்தது. அவள் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“ஆத்தாக்காரி அங்கனதான நிக்கிறா? என்னம்மா இவ?”

இரை, உயிர்பிழைப்பு, மூத்ததன் முன்னுரிமை என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நீங்களும் தெனம் இதத்தேன் பாக்குறீகளாக்கும்?”

“அதுதான் என் வேலை.”

“கல்லக் கில்ல விட்டு எறிஞ்சு வெரட்ட மாட்டீகளா?”

“குறுக்கிட்டால் அதற்குப் பெயர் கவனிப்பு இல்லை. பார்க்கிறவர் பார்க்க மட்டுமே வேண்டும். அதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி.”

“நல்ல தொழிலும்மா” என்றாள். பிறகு, “ஒரு பாவமும் ஒட்டாது” என்று சேர்த்துக்கொண்டாள். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். வீங்கிய முகத்தில் எதையும் படிக்க முடியாது.

குழம்பில் புளி கூடுதல்.

டிசம்பர் 27

கடைக்குட்டி முடிந்தது. காலையில் மண்டையோட்டின் வெண்மை தெரிந்தது. ஒரு கண் இல்லை. ஆயினும் தாய் வந்து இறங்கியபோது எழுந்து நின்று வாயைத் திறந்தது. மூத்தது அந்தத் திறந்த வாய்க்குள்ளேயே கொத்தியது. பின்பு கழுத்தைக் கவ்வி உலுக்கி, விளிம்புக்கு வெளியே தள்ளியது. முள்ளில் சிறகு மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. இறக்கவில்லை. காக்கைகள் அது இறக்கும்வரை காத்திருக்கவும் இல்லை.

தாய் மற்ற இரண்டுக்கும் ஊட்டியது.

மாலையில் முதல் கட்டுரையை எழுதி முடித்தேன். தாய்க்கொக்கைச் சாட்சியாக வருணித்தேன்: பிறப்பையும் இறப்பையும் ஒரே முகத்தோடு காணும் நிலை, எதிலும் கை வைக்காத, எதையும் தன்னுடையது என்று கொள்ளாத நிலை, ஞானிகள் ஆயுள் முழுதும் பயின்று அடைவது. நடை நன்றாக அமைந்தது. சோலைநாதனுக்குக் கைப்பேசியில் படித்துக் காட்டினேன்.

“சாட்சி பாவம்! அடடா! சிலிர்த்துப்போச்சும்மா. அந்தக் குஞ்சு சாகறத மட்டும் கொஞ்சம் எடுத்துடலாமா? வாசகர்கள் காலைல காபியோட படிப்பாங்க.”

எடுத்துவிடச் சொன்னேன்.

ஜனவரி 1

சுவருக்கு அப்பால் மறுபடியும். இம்முறை பாத்திரம் உருண்டது. அதன்பின் நான் துணி என்று எழுதிய அந்த ஓசை. அவள் குரல் மட்டும் எழவேயில்லை. இவ்வூருக்கு வாக்கப்பட்டு வரும் பெண்கள் அதைத்தான் முதலில் கற்கிறார்கள் போலும்.

போய்க் கதவைத் தட்டினேன். சேதுராசு திறந்தார். நெற்றியில் வியர்வை. கையில் ஒரு கொக்குக்குஞ்சு.

“என்ன வேணும்மா?”

“தீப்பெட்டி.”

சிரித்த முகத்தோடு எடுத்துவந்து கொடுத்தார். நானும் நன்றி சொல்லித் திரும்பிவிட்டேன். வீட்டில் தீப்பெட்டிகள் ஏற்கெனவே இருந்தன.

ஜனவரி 2

அம்பலகாரர் மலைச்சாமியைப் பார்த்தேன். இவ்வூரின் வழக்குகளைத் தீர்ப்பவர். நாற்காலி போடச் சொல்லி, மோர் கொடுத்து, நான் சொன்னதையெல்லாம் தலையசைத்துக் கேட்டார்.

“அவனா? கொக்குக்குஞ்சுக்கு வாயில எரை ஊட்டுறவம்மா அவன். அவன் கை ஒரு ஈ எறும்ப நசுக்காது.”

“ஈயை நசுக்குவதாக நான் சொல்லவில்லை.”

“புருசம் பொண்டாட்டி வீட்டுக்குள்ள ஆயிரம் இருக்கும். நீங்க படிச்சவுக, ஒங்களுக்குத் தெரியாததா?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆனா ஒண்ணு சொல்லணும். அந்தப் புள்ள இந்த ஊருக்கு வந்து ஒம்பது வருசம். ஒரு நா, ஒரு பொழுது, அந்த வீட்டுல இருந்து சத்தம் வந்ததில்ல. மருமகள்னா அப்பிடி இருக்கணும்.”

மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 5

மூத்தது இப்போது நடுக்குஞ்சைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆனால் நடுக்குஞ்சுக்கு ஓர் உத்தி உண்டு. முதல் கொத்திலேயே படுத்து, தலையைச் சிறகுக்கடியில் செருகி, பிடரியைக் கொடுத்துவிடுகிறது. பிடரியில் சதை உண்டு, கண் தப்பும். அசையாதவனை அடிப்பதில் மூத்ததற்கு விரைவில் சலிப்புத் தட்டுகிறது. அடக்கம் உயிர் காக்கும் என்று அடுத்த கட்டுரைக்குக் குறிப்பு எடுத்தேன்.

நண்பகலில் சேதுராசுவின் கொல்லையில் அசைவு தெரிந்தது. தொலைநோக்கியைத் திருப்பினேன். பரிசல் துடுப்பால் அவளை அடித்துக்கொண்டிருந்தான். அவள் முழங்கால்களுக்கிடையே தலையைச் செருகி, இரு கைகளாலும் பின்தலையைப் பொத்தி, முதுகைக் கொடுத்துக் குந்தியிருந்தாள். வாயில் முந்தானை. தொலைநோக்கியில் எல்லாம் துல்லியம்: துடுப்பின் விளிம்பில் பிளந்த சிம்பு, அது இரவிக்கையில் மாட்டிக் கிழித்தது, அவன் இடையே நின்று தோளைத் தேய்த்துக்கொண்டது. அவனுக்கும் சலிப்புத் தட்டியபோது துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கூடையருகே அமர்ந்து குஞ்சுகளுக்கு மீன் கிள்ளினான்.

நான் கண்ணை எடுத்தபோது கையில் பென்சில் இருந்தது. நடுக்குஞ்சைப் பற்றிய குறிப்பின் கீழேயே, தொடங்கிய நேரத்தையும் அடிகளின் எண்ணிக்கையையும் இடைவேளையையும் எழுதியிருந்தேன். கையெழுத்து நடுங்கவில்லை.

இரவு உணவு கொள்ளவில்லை.

ஜனவரி 6

அவன் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து அழகுமீனாளிடம் சென்றேன். என்னோடு நகரத்துக்கு வந்துவிடு என்றேன்.

“வந்து?”

“மகளிர் காவல் நிலையத்தில் சொல்லலாம். என் வீட்டில் இருக்கலாம்.”

மீன்தொட்டியின் பாசியைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். “சொன்னா யாரு நம்புவா? அவுக கொக்குக்கே கண்ணீர் விடுறவுக.” பின்பு நிமிர்ந்தாள். “நீங்க பாத்தீகளா?”

“பார்த்தேன்.”

“எப்ப?”

“நேற்று. மாடியிலிருந்து.”

“முழுசாவா?”

ஆம் என்றேன். அவள் மீண்டும் தேய்க்கத் தொடங்கினாள். அந்த ஒரு சொல்லுக்கு அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. தொட்டியின் மூலையில் நகத்தால் சுரண்டிக்கொண்டே, “போங்கம்மா, வெயிலு ஏறுது” என்றாள்.

ஜனவரி 7

கட்டுரை கேட்டு சோலைநாதன் மும்முறை அழைத்தார். எடுக்கவில்லை.

ஜனவரி 9

வலக்கையிலும் வலி. ஆயினும் எழுதிவிட வேண்டும்.

காலையில் தூறல் விழுந்ததால் தொலைநோக்கியைக் கழற்றி, அதன் இரும்பு முக்காலியை மடக்கி அடுப்படியில் சாய்த்திருந்தேன். பால் காய்ந்துகொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் ஓசை தொடங்கியது. பிறகு நின்றது. நின்றதும் வேறோர் ஓசை: தண்ணீர் தளும்பித் தரையில் கொட்டுவது, அடங்குவது, மறுபடியும் கொட்டுவது.

பின்வாசல் வழியே வேலியின் இடைவெளியில் நுழைந்தேன். முக்காலி என் கையில் எப்போது வந்தது என்று தெரியவில்லை. மீன்தொட்டிக்குள் அவள் தலையை அமுக்கிக்கொண்டிருந்தான். அவள் கால்கள் சேற்றைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. தொட்டிக்குப் பக்கத்துக் கூடையில் குஞ்சுகள், தண்ணீர் தளும்புவது தீனிக்காக என்று எண்ணி, வரிசையாக வாயைத் திறந்து வைத்திருந்தன.

முதல் அடி அவன் முன்கையில். எலும்பு முறியும் ஓசையை உலர்ந்த விறகுக்கு ஒப்பிடுவார்கள். அப்படியில்லை, ஈரமான ஓசை. அவள் தலை மேலே வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அவளை விட்டுவிட்டான், முதல் அடியே போதுமாக இருந்தது. இரண்டாவதை அவன் வாயில் அடித்தேன். பற்கள் தொட்டியில் விழுந்தன. அந்த இரண்டாவது அடி அவனுக்கு உரியதன்று. உரியவர் காலமாகி நெடுநாள் ஆயிற்று.

அடித்தபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. உண்மையை எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும். கூட்டில் மூத்ததன் முகத்தில் நான் தேடிப் பார்த்தும் காணாத ஒன்று அது. அதனால் இதை எந்தப் பறவையிடமும் கற்றதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

பிறகு கத்தினேன். சொல் ஏதும் இல்லை, வெறும் கத்தல். சேதுராசு சேற்றில் அமர்ந்து, தொங்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு, மறுகை விரலை இரத்தம் வழியும் உதட்டில் வைத்தான்.

“கத்தாதீகம்மா” என்றான், மெதுவாக. “கொக்கு எந்திரிச்சிரும்.”

கொக்குகள் எழுந்தன. ஊரும் ஓடிவந்தது, கரையெல்லாம் கால்கள். வானம் வெளுத்து, இரைந்து, சுழன்றது. பதறி எழுந்த பறவைகளின் கால்பட்டுக் குஞ்சுகள் மரங்களிலிருந்து தண்ணீரில் விழுந்தன. காக்கைகளுக்கு நல்ல நாள். வந்தவர்கள் முதலில் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். கடைசியில்தான் தொட்டியருகே வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார்கள்.

அவளை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பால் பொங்கி, வழிந்து, பாத்திரம் கருகியிருந்தது.

சாயங்காலத்துக்குள் கொக்குகள் அனைத்தும் திரும்பிவிட்டன. என் கூட்டின் தாயும் விளிம்பில் வந்து நின்றது. நடுக்குஞ்சைக் காணவில்லை. என்னால் விழுந்ததா, மூத்ததனால் விழுந்ததா என்று அறிய வழியில்லை.

ஜனவரி 10

கோயில் வாசலில் ஊர்க்கூட்டம். குற்றவாளி நான்.

மலைச்சாமி தணிந்த குரலில் தொடங்கினார். “எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து இந்த ஊருல ஒருத்தரும் கண்மாய்க்கு முன்னால குரல் ஒசத்துனதில்ல. நீங்க பெரியவுக. கண்மாய்க்கு ஒரு வெளக்குப் போட்டு, தப்புன்னு சொல்லிட்டு, பொழுதுக்குள்ள ஊர விட்டுப் போயிருங்க.”

“போகிறேன். விளக்குப் போட மாட்டேன்” என்றேன். “கொக்குகள் நேற்று மாலையே திரும்பிவிட்டன. திரும்பிப் பாருங்கள்.”

யாரும் திரும்பவில்லை.

“குஞ்சு செத்துருக்கேம்மா” என்றார் ஒருவர், துக்கம் விசாரிக்கும் குரலில். சுற்றிலும் உச்சுக்கொட்டினார்கள்.

அப்போது அழகுமீனாள் என் பின்னாலிருந்து முன்னே வந்தாள். தண்ணீர் ஏறிய தொண்டை கரகரத்தது.

“தொட்டில மீனு கெடந்துச்சு, அம்பலகாரரே. என் தலைய முக்குனப்ப ஒரு மீனு என் வாய்க்குள்ள போயிருச்சு. உசுரோட. தொண்டையில கெடந்து துடிச்சுச்சு. அதயும் கேளுங்களேன்.”

பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு, உடனே அடங்கியது.

“மெதுவாப் பேசுத்தா” என்றார் மலைச்சாமி.

அவள் அவரைப் பார்த்தாள். நான் அவளை அறிந்த நாள்களில் அவள் யாரையும் அப்படி நேராகப் பார்த்ததில்லை. பிறகு திரும்பி என் வீட்டை நோக்கி நடந்தாள்.

ஜனவரி 11

பொழுதுக்குள் போகச் சொன்னார்கள். இருட்டில் போவது எனக்கு வழக்கமில்லை. இன்று காலைப் பேருந்துக்குக் கிளம்பினோம். நேரே மகளிர் காவல் நிலையம். அவள் தன் வழக்கைச் சொல்வாள். நான் பார்த்ததையும், அவன் கையையும் பல்லையும் உடைத்ததையும், நானே எழுதிக் கொடுப்பேன். வழக்குப் போடட்டும். என் வயதில் சிறையும் ஒரு வகை முதியோர் இல்லம்தான்.

புறப்படுமுன் சோலைநாதன் பிடித்துவிட்டார். கட்டுரை வராது என்றேன்.

“ஏம்மா? சாட்சி பாவத்துக்கு எவ்வளவு வரவேற்பு தெரியுமா? இதழ் வந்த அன்னிக்கே நாலு பேர் போன் பண்ணி அழுதாங்க.”

“நான் எழுதியது பொய். கூட்டின் விளிம்பில் நின்ற பறவைக்கு ஞானம் ஏதும் இல்லை. அதற்கு இரண்டு குஞ்சுகள் போதும், அவ்வளவுதான். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. அடுத்த இதழில் இதை அச்சிடுங்கள்.”

அவர் கனிவோடு இரத்த அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னார்.

பேருந்து நிற்குமிடத்துக்குக் கரைமேல்தான் நடக்க வேண்டும். கட்டுப் போட்ட கையோடு சேதுராசு படித்துறையில் அமர்ந்திருந்தான். சுற்றிலும் ஊர் ஆண்கள். ஒற்றைக் கையால் அவன் குஞ்சுக்கு மீன் ஊட்டுவதைப் பார்த்து ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மலைச்சாமியும் நின்றார்.

அழகுமீனாள் நடையை நிறுத்தினாள். தலைச்சுமையைக் கீழே வைத்தாள். வாய்க்கு எழுந்த முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். ஒன்பது ஆண்டுகளாக ‘அவுக’ என்று மட்டுமே அவள் குறித்த மனிதனைப் பெயர் சொல்லி அழைத்தாள்.

“டேய் சேதுராசு!”

கண்மாயின் மறுகரை அதைத் திருப்பிச் சொன்னது. மலைச்சாமியின் விரல் உதட்டுக்குப் போய்விட்டது. சேதுராசுவின் கையிலிருந்து மீன் விழுந்தது.

“நான் வழுக்கி விழுகலடா! ஒருநாளும் விழுகலடா! நீ அடிச்ச!”

மரங்களில் சில கழுத்துகள் நீண்டன. எங்கள் பக்கம் திரும்பின. பிறகு ஒவ்வொன்றாக மடங்கித் தோளுக்குள் அமிழ்ந்தன. ஒரு கொக்கும் எழவில்லை.

அவள் அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மறுபடியும் கத்தினாள்.